சான்றிதழ் மட்டும் போதுமா?

மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் 60 முதல் 100 வரை இருக்கும். பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரருக்கு எண்ணினால் 40 தான் வரக்கூடும். இது நோயன்று. அவருடைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஆகவே குறைந்த துடிப்பே அதற்குப் போதும்.

மருத்துவருக்குச் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். பயிற்சியால் சற்றுத் தடித்த இதயச் சுவரும், பரம்பரை நோயால் தடித்த சுவரும் சில வேளைகளில் ஒன்றுபோலத் தோன்றும். முன்னது தீங்கற்றது. பின்னதில் இதயத்தின் மின் தூண்டல்கள் தாறுமாறாகி, கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். அப்போது மூளைக்கு இரத்தம் போகாது. சில நொடிகளில் நினைவு தப்பும். இரண்டையும் பிரித்தறிய இ.சி.ஜி., எக்கோ, ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவி ஆகியவை உதவுகின்றன.

இத்தாலியில் போட்டிகளில் இறங்குவோர் இ.சி.ஜி. உள்ளிட்ட மருத்துவச் சோதனையில் தேற வேண்டும் என்பது 1982 முதல் நடைமுறை. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில், இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 3.6 என்பதிலிருந்து 2004ஆம் ஆண்டளவில் 0.4 ஆகக் குறைந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் சோதனை நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. டென்மார்க்கின் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அதே இத்தாலியில், இன்டர் மிலான் குழுவில் ஆடி வந்தவர். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே அவர் இதயம் நின்று வீழ்ந்தார். அவரைக் காப்பாற்றியவை, உடனே மார்பை அழுத்திய கைகளும் ‘டிஃபிப்ரிலேட்டர்’ என்னும் கருவி தந்த மின் அதிர்ச்சியுமே. பிறகு, துடிப்பைக் கண்காணித்துத் தேவையானால் அதிர்ச்சி தரும் சிறு கருவியை உடலில் பொருத்தினார்கள். அக்கருவியோடு ஆட இத்தாலிய விதிகள் இடந்தரவில்லை. 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் மீண்டும் களமிறங்கினார்.

உதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை கைகட்டி நிற்க முடியுமா? கருவியின் விலை அதிகம் என்று பள்ளிகள் சொல்லலாம். அது உண்மையே. ஆனால் கைகளுக்கு விலையில்லை. மார்பின் நடுவில், சுமார் 5 செ.மீ. ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை விடாமல் அழுத்த வேண்டும். இதை உங்கள் வயதினர் ஒரே பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு விளையாட்டுக் குழுவிலும் இது தெரிந்தவர் சிலராவது இருக்க வேண்டும். கருவியும் கிடைத்துவிட்டால் இன்னும் நன்று. துடிப்பை அதுவே ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டும் அதிர்ச்சி கொடுக்கச் சொல்லும்.

உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஓடும்போதே மயக்கம் வந்ததா? நெஞ்சு வலித்ததா? குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்ததுண்டா? அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சி மறைக்காதீர்கள். பிறவியிலேயே இதயத்தில் அமைந்த கூடுதல் மின்பாதை போன்ற சில கோளாறுகளை, இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சுட்டு நீக்கிவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் விளையாடுகிறார்கள். ஆகவே உடற்பயிற்சி ஆசிரியரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். மார்பை அழுத்தும் முறையைப் பள்ளியில் கற்றுத்தர ஏற்பாடு செய்யுமாறும் அவரிடமே கேளுங்கள்.