மின்சாரக் காருக்குப் பகலிலே மின் தருக!

மின்சாரக் கார் புகை கக்காத கார் என்று கூறப்படுகின்றது. அதற்குப் புகைக்குழாய் இல்லை என்பது உண்மையே. ஆயின், புகை ஒழிந்துவிட்டதா, அன்றி அது எழும் இடம் மாறிவிட்டதா என்பதன்றோ கேள்வி?

கணக்கைப் பார்ப்போம். நூறு கிலோமீற்றர் ஓடுவதற்குச் சாதாரணப் பெற்றோல் கார் ஏறக்குறைய 7 லீற்றர் குடிக்கும். லீற்றர் ஒன்றுக்கு 2.3 கிலோ வீதம் 16 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். மின்சாரக் காருக்கு அதே தூரம் ஓட ஏறக்குறைய 15 அலகு மின்சாரம் வேண்டும். நிலக்கரியை எரித்து அதனைப் பிறப்பித்தால் அலகொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே 15 கிலோ. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையத்தை வைத்திருக்கும் நாம் இதனை மறத்தல் தகாது. அதே மின்சாரம் வெயிலிலிருந்தோ மன்னார்க் காற்றிலிருந்தோ வருமாயின், ஓட்டத்தால் எழும் புகை இல்லையென்றே சொல்லலாம். எந்த வேளையில் எந்த மின்சாரத்தை ஏற்றுகின்றோம் என்பதைப் பொறுத்ததே காரின் பெருமை.

2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மின்சாரக் கார்களும் வந்திறங்கின. உத்தியோகத்தர் மாலையில் வீடு திரும்பியதும் காருக்கு மின்னேற்றத் தொடங்குகின்றார். அதுவே நாடெங்கும் விளக்கெரியும் உச்ச வேளை. எண்ணெய் எரிக்கும் நிலையங்களின் துணையை நாடவேண்டிய வேளை.

மறுபுறம் நடந்ததென்ன? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே மின் தேவை குறைந்தது. கூரைச் சூரிய மின்னைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளரை வேண்டிக்கொண்டது. கடன்பட்டுத் தகடு பதித்தவரிடம் இப்படிக் கேட்பது, விளைந்த நெல்லை வயலிலேயே உழுதுவிடு என்று கமக்காரரிடம் கூறுவது போன்றதன்றோ?

பகலில் மிச்சம், மாலையில் தட்டுப்பாடு. இரண்டையும் இணைக்கவல்லது காரின் பற்றரி. கச்சேரியிலும் வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் கார்கள் பகல் முழுவதும் சும்மா நிற்கின்றன. அரசாங்கம் அங்கெல்லாம் மின்னேற்றும் வசதியை அமைக்கட்டும். நண்பகல் அலகு மலிவாகவும் மாலை அலகு உயர்வாகவும் கட்டணம் வகுக்கட்டும். இரவே மலிவு என்பது சூரிய மின் பெருகுமுன் எழுதிய கணக்கு.

இதனைச் செய்யாது கார்களை மட்டும் இறக்கினால் விளைவு யாது? கார் ஓட்டுபவர் சிலர். உச்ச வேளை எண்ணெய்ச் செலவைக் கட்டணத்தில் சுமப்பவரோ, மின்பம்பியால் தோட்டத்துக்கு நீரிறைக்கும் கமக்காரர் உட்பட, அனைவருமாவர். இந்த அநீதிக்கு இடமளித்தலாகாது.