கடவுளுக்கு உறுதிமொழிப் பத்திரமா?

பழனி மலைக் கோயிலில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதார் போகக்கூடாதென்று போர்டு வைக்கும்படி, சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை 2024-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி உத்தரவிட்டது. அப்படிப்பட்டவர் யாராவது சாமியைப் பார்க்க விரும்பினால், தனக்கு அந்தச் சாமியிடம் நம்பிக்கை உண்டென்றும், இந்து மதப் பழக்க வழக்கப்படி நடப்பதாகவும் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் அவ்வுத்தரவு கூறிற்று.

தைப்பூசக் காலத்தில் காவடியும் கால்நடையுமாய் ஜனங்கள் பழனிக்குப் போவதைத் தொப்பம்பட்டிப் பக்கத்தார் வருஷந்தோறும் பார்ப்பவர்கள். ஆகவே இது நமக்குத் தூரத்து விஷயமல்ல.

நாம் கேட்பது இதுதான். நம்பிக்கை இருந்தால்தான் கோயிலுக்குள் போகலாம் என்றால், அந்தப் பத்திரத்தை எல்லோரிடமும் அல்லவா வாங்கவேண்டும்? கடவுளே இல்லை என்று மேடை போட்டுப் பேசும் நம்மவர், பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இந்து என்றிருப்பதால் யாதொரு கேள்வியுமின்றி உள்ளே போகலாம். முருகன்மேல் ஆசைகொண்டு வரும் முஸ்லிமோ கிறிஸ்தவரோ கையெழுத்துப் போடவேண்டும். இது என்ன நியாயம்?

சரி, முன்னாளிலாவது நம்பிக்கைக்கு மதிப்பிருந்ததா? கமுதிக் கோயிலுக்குள் போன நாடார்கள் சாமியை நம்பித்தானே போனார்கள்? அவர்களுக்கு அங்கே உரிமையில்லை என்று 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் தீர்ப்பாயிற்று. 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வருமட்டும் ஆதிதிராவிடர்கள் எத்தனையோ கோயில்களின் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். அவர்கள் பக்தியில் என்ன குறை? ஆகவே, நம்பிக்கை கதவைத் திறக்கவுமில்லை. நம்பிக்கையின்மை கதவை மூடவுமில்லை. திறந்ததும் மூடியதும் பிறப்பேயாகும்.

நிற்க, இந்து மதத்துக்காவது கடவுள் நம்பிக்கை அவசியமா? வேதத்தை ஒப்புக்கொண்ட ஆறு தரிசனங்களில் சாங்கியம் ஈஸ்வரனைக் கொள்ளவில்லை. மீமாம்சையோ யாகத்தைக் கொண்டு, உலகைப் படைத்த கடவுளைத் தள்ளிற்று. 1966-ல் சுவாமி நாராயணர் கோயில் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், இந்து மதம் ஒரே கடவுளையோ ஒரே கொள்கையையோ கட்டாயமாக உடையதல்ல என்றே கூறிற்று. மதத்துக்கே இல்லாத நிபந்தனையை வாசற்படியில் வைப்பது எப்படிப் பொருந்தும்?

ஒட்டன்சத்திரம் சந்தையில் கடன் கொடுப்பவன் பத்திரம் எழுதி வாங்குவதில் அர்த்தமுண்டு. பணத்தை எண்ணிப் பார்க்கலாம். மனத்தை எந்தக் குமாஸ்தா எண்ணிப் பார்ப்பான்? நம்பாதவன் பொய்க் கையெழுத்துப் போட்டு உள்ளே போவான். உண்மை பேசுபவன் வெளியே நிற்பான். பொய்யனுக்குத் தரிசனமும் யோக்கியனுக்குத் தடையும் தருவதா பக்தி?

எல்லாம் அறிந்த கடவுள் ஒருவர் இருப்பாரானால், யார் மனத்தில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதா? நம்பாவிட்டால் கோபித்து, கும்பிட்டால் மகிழ்வார் என்றால், முகஸ்துதிக்கு மயங்கும் ஜமீன்தாருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? கும்பிடாதவன் வயலிலும் மழை பெய்யத்தானே பெய்கிறது!

கோயிலில் கூச்சலிடாதே, செருப்போடு வராதே என்று நடத்தைக்கு விதி செய்யட்டும். அது யாவருக்கும் பொதுவாயிருக்கட்டும். நாமும் அதற்குக் கட்டுப்படுவோம். நம்பிக்கைக்கு மட்டும் விதி வேண்டாம். நம்புகிறவன் தன் மனதறிய நம்பட்டும். நம்பாதவன் பயமில்லாமல் அதைச் சொல்லட்டும். கட்டாயத்தால் வருவது நம்பிக்கையுமல்ல, மரியாதையுமல்ல.