தன விப்புருதி என்றால் என்ன நோய்?

‘‘எங்கள் பாட்டி எழுதி வைத்த வைத்திய நோட்டில் ‘தன விப்புருதிக்கு மருந்து’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. இது என்ன நோய்? மாட்டுக்கு வரும் மடிநோய்தானா? மாட்டுக்குப் பூசும் கற்றாழை மருந்தைப் பெண்களுக்கும் பூசலாமா?’’

- வாசகி ஒருவர், கீழ்பென்னாத்தூர்.

தனம் என்றதும் செல்வம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது மார்பு. வடமொழி ‘ஸ்தனம்’ தமிழில் முன்னெழுத்தை உதிர்த்துவிட்டு ‘தனம்’ ஆகிவிட்டது. விப்புருதி என்பது சீழ் வைத்த கட்டி. ஆக, தன விப்புருதி என்றால் மார்பில் வரும் சீழ்க்கட்டி. ஆயுர்வேதத்தில் ‘ஸ்தன வித்ரதி’ என்பார்கள். சீக்கிரமே எரிச்சல் எடுத்துப் பழுப்பதால் ‘வித்ரதி’ என்று பெயர் வந்ததாகச் சரக சம்ஹிதை காரணம் சொல்கிறது. பெயரிலேயே அவசரம் இருக்கிறது.

பெரும்பாலும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத்தான், அதுவும் பிரசவமான முதல் சில வாரங்களில் வருகிறது. முதலில் பால் கட்டிக்கொள்ளும். காம்பு வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்தால் மார்பு சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் அடிக்கும். அப்போதும் கவனிக்காமல் விட்டால் சீழ் கட்டும். ‘ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்ற பாக்டீரியாதான் இதற்கு முக்கியக் காரணம். மாட்டின் மடிநோய்க்கும் இதே கிருமி ஒரு காரணம். அந்த வகையில் இரண்டும் உறவுதான்.

ஆனால், வைத்தியம் வேறு. மடிநோய் கண்ட காம்பின் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும்; கன்றுக்கும் விடக் கூடாது. அதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, தாய்க்கு மார்பு வீங்கினாலும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். இது தவறு. பால் தேங்கத் தேங்கத்தான் நோய் முற்றும். தொடர்ந்து பால் கொடுக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2000-ம் ஆண்டு வெளியிட்ட கையேடும் சொல்கிறது. சீழ் கட்டிய பிறகு, அந்தப் பக்கத்தில் கொடுக்கலாமா, பீய்ச்சி எடுக்கலாமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். மறுபக்கத்தில் தாராளமாகக் கொடுக்கலாம்.

மாட்டு மருந்து வேண்டவே வேண்டாம். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்பது மடிக்கான அளவு. வெடித்த காம்பில் சுண்ணாம்பு பட்டால் புண்ணாகும்; பிள்ளையின் வாய்க்கும் போகும். சீழ் திரண்டுவிட்டால் எந்தப் பூச்சும் அதை வெளியேற்றாது. ஊசியால் உறிஞ்சியோ, கீறியோதான் எடுக்க வேண்டும். காய்ச்சலோடு மார்பு சிவந்து, ஒரு நாளில் குறையவில்லை என்றால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது.

இன்னொன்று. விப்புருதி என்ற பெயரோடு புற்றையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் சித்த மருத்துவத்தில் உண்டு. அதனால், பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் கட்டி தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும், அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்காமல் உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.