மறைக்கப்படும் கணக்கும் மறுக்கப்படும் பங்கும்

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025-26ஆம் ஆண்டிற்கான ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கையை நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். தொடர்ச்சியாக அவர் தாக்கல் செய்த எட்டாவது அறிக்கை அது. அதற்கு முன் வழக்கம்போல் தில்லி நார்த் பிளாக்கில் பெரிய இரும்புச் சட்டியில் அல்வா கிண்டி அதிகாரிகளுக்குப் பரிமாறிவிட்டு, அச்சகக் கதவுகளை அடைத்தார்கள். (அது வடபுலத்து மங்கல வழக்கம். தமிழில் அல்வா கொடுப்பது என்றால் என்ன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.)

அறிக்கைக்கு முன்பாகப் பல தரப்பினரையும் அழைத்துக் கருத்துக் கேட்கும் சடங்கும் நடந்து முடிந்தது. மத்தியத் தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் கோரிக்கை மனு அளிக்கின்றன. 2022 நவம்பரில் ஒவ்வொரு சங்கத்திற்கும் சில நிமிடங்களே என்று நேரம் ஒதுக்கிக் காணொலிக் கூட்டம் ஒன்றிற்கு அழைத்தபோது, பத்துச் சங்கங்கள் அதைப் புறக்கணித்தன. கேட்பதுபோல் காட்டிக்கொண்டு கேளாதிருப்பது இந்த அரசாங்கத்தின் கலைகளுள் ஒன்று.

பெரும் செல்வந்தர்கள் மீது வரி விதியுங்கள், ஊரக வேலைக்கும் ஓய்வூதியத்திற்கும் உணவிற்கும் ஒதுக்கீட்டை உயர்த்துங்கள் என்ற கோரிக்கைகளை நாம் நெடுங்காலமாக எழுப்பி வருகிறோம். அவற்றோடு சேர்த்து, கணக்கை வெளிப்படையாக வையுங்கள் என்ற கோரிக்கையையும் மக்கள் அமைப்புகள் முன்வைத்து வருகின்றன. இந்த இரண்டாவது கோரிக்கையைக் குறித்து நம் தோழர்கள் சிலரிடையே ஓர் அலட்சியம் உண்டு. வெளிப்படைத்தன்மை என்பது ஆங்கிலப் பத்திரிகை படிக்கும் மத்தியதர வர்க்கத்தின் முழக்கம், வர்க்கப் போராட்டத்திற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது அவர்கள் கேள்வி. இக்கருத்து தவறானது. நிதிநிலை அறிக்கையில் எவை எவை மறைக்கப்படுகின்றன என்று பார்த்தாலே அதன் வர்க்கத் தன்மை விளங்கிவிடும்.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022-23இல் இதற்கு ஒதுக்கியது 73,000 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் அது 89,400 கோடியாயிற்று. அடுத்த ஆண்டு 60,000 கோடியாக வெட்டினார்கள். திருத்திய மதிப்பீட்டில் 86,000 கோடிக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. 2024-25ஆம் ஆண்டிற்கும் அதே 86,000 கோடிதான். ஆண்டின் தொடக்கத்தில் குறைத்துக் காட்டுவது, சென்ற ஆண்டின் கூலி பாக்கியை அதிலிருந்தே முதலில் கழித்துக்கொள்வது, ஆண்டின் பிற்பகுதியில் பணமில்லை என்று கைவிரிப்பது என்பதே நடைமுறையாகிவிட்டது. இத்திட்டம் ஒரு சட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் அச்சட்டப்படி வேலை கேட்டவருக்குப் பதினைந்து நாட்களுக்குள் வேலை தரவேண்டியிருந்தது. தராவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டியிருந்தது. எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை பேருக்கும் தேவையான நிதியை ஒதுக்குவதே அச்சட்டத்தின் ஆணையாக இருந்தது.

ஆனால் பணம் வறண்டுபோன மாதங்களில் களத்தில் நடந்தது வேறு. வேலை கேட்டு வந்தோரின் கோரிக்கையைப் பதிவு செய்யாமலேயே திருப்பி அனுப்பினார்கள். பதிவு செய்தால்தானே படி கொடுக்க வேண்டும்! பதிவாகாத பசிக்குப் புள்ளிவிவரம் கிடையாது. பின்னர் அதே புள்ளிவிவரத்தைக் காட்டி, ஊரகத்தில் வேலைக்கான தேவை குறைந்துவிட்டது, பொருளாதாரம் மீண்டெழுந்துவிட்டது என்று பேசுகிறார்கள். கைபேசிச் செயலி வழி வருகைப் பதிவும், 2024 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட ஆதார் வழிக் கூலிப் பட்டுவாடாவும் இந்த வடிகட்டலை இன்னும் இறுக்கிவிட்டன. மேற்கு வங்கத்திற்கு 2022 மார்ச்சில் நிதியே நிறுத்தப்பட்டது. அங்கு நடந்த முறைகேடுகளுக்குப் பொறுப்பானவர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தண்டனையை அனுபவித்தவர்களோ மண் வெட்டிய தொழிலாளர்கள்.

உணவு மானியத்தின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. 2016-17 முதல் இந்திய உணவுக் கழகத்திற்குத் தரவேண்டிய மானியத்தை அரசாங்கம் முழுமையாகத் தராமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும்படி செய்தது. கடன் கழகத்தின் ஏட்டில். மானியம் அரசின் ஏட்டில் குறைவு. நிதிப் பற்றாக்குறையும் அந்த அளவிற்குக் குறைவு. இவ்வாறு அறிக்கைக்கு வெளியே கடன் வாங்குவதை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரே தமது அறிக்கையில் சுட்டிக்காட்டினார். 2021 பிப்ரவரியில் அந்தக் கடனைக் கணக்கிற்குள் கொண்டுவந்தபோது, 2020-21இல் 1,15,570 கோடி என்று காட்டப்பட்டிருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடி என்று உயர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வழங்கிய இலவச தானியமும் இதில் அடங்கும். எனினும் உயர்வின் கணிசமான பகுதி பழைய கடனை அடைத்ததுதான். உழைப்பாளி மக்களின் அஞ்சலகச் சேமிப்பை எடுத்து, அவர்களுக்கே தரவேண்டிய மானியத்தைச் சமாளித்து, அதற்கு வட்டியும் கட்டிவிட்டு, மானியச் சுமை பெருகிவிட்டது என்று பின்னர் பொருளாதார வல்லுநர்களை விட்டுப் புலம்பவும் வைத்தார்கள்.

இதே அரசாங்கம்தான் கேரளத்தில் சாலைகளும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் கட்டுவதற்காகக் கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் வாங்கிய கடனை மாநில அரசின் கடனாகக் கணக்கிட்டு, மாநிலத்தின் கடன் வரம்பை வெட்டியது. கேரளம் அரசமைப்பின் 131ஆவது பிரிவின்கீழ் உச்சநீதிமன்றத்தை நாடியது. அவ்வழக்கு 2024 ஏப்ரலில் அரசமைப்பு அமர்வின் விசாரணைக்கு அனுப்பப்பட்டது. தனக்கு ஓர் ஏடு, மாநிலங்களுக்கு வேறோர் ஏடு.

வருவாய்ப் பக்கத்திலும் இதே மறைப்பு இருக்கிறது. மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய வரியில் 41 விழுக்காடு என்பது பதினைந்தாவது நிதி ஆணையத்தின் பரிந்துரை. ஆனால் செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் வசூலிப்பவை இந்தப் பகிர்விற்குள் வருவதில்லை. 2025 ஜனவரியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசு வாங்கிய கலால் வரி 19 ரூபாய் 90 காசு. அதில் பகிர்விற்குரிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதம் 18 ரூபாய் 50 காசில் எந்த மாநிலத்திற்கும் உரிமைப் பங்கு இருக்கவில்லை. பெட்ரோல் நிலையத்தின் ரசீதில் இந்தப் பிரிப்பு இருப்பதில்லை. இரு சக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞருக்குத் தான் யாருக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பது தெரிவதற்கு வழியில்லை.

உச்சியில் இருப்போரின் கதையோ வேறு. 2015இல் சொத்து வரியை ஒழித்து, அதற்கு ஈடாகப் பெரும் வருவாய்க்காரர்கள் மீது கூடுதல் சர்சார்ஜ் விதிப்பதாகச் சொன்னார்கள். 2023-24 நிதிநிலை அறிக்கையில், புதிய வரி முறையின்கீழ் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கான அந்தச் சர்சார்ஜையும் 37 விழுக்காட்டிலிருந்து 25ஆகக் குறைத்தார்கள். 2019 செப்டம்பர் 20 அன்று, நாடாளுமன்றம் நடக்காத வேளையில், ஓர் அவசரச் சட்டத்தின்மூலம் பெருநிறுவனங்களின் அடிப்படை வரி விகிதம் 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று நிதியமைச்சரே அறிவித்தார். இது எந்த நிதிநிலை அறிக்கையிலும் இடம்பெறவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிரதமர் ஹூஸ்டன் மேடையில் நின்றார் என்பதை வாசகர்கள் நினைவுகூரலாம். அந்த முதலீடுகளும் வேலைகளும் வந்தனவா? 2024 ஜூலையில் வெளியான அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே, 2019-20க்கும் 2022-23க்கும் இடையில் பெருநிறுவனங்களின் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகியது என்றும், ஆளெடுப்பும் ஊதியமும் அதற்கு ஈடாக வளரவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024-25ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தனிநபர் வருமான வரி 11.87 லட்சம் கோடி. பெருநிறுவன வரி 10.20 லட்சம் கோடி.

வரிச் சலுகைகளால் கைவிடப்படும் வருவாயைத் தனி அறிக்கையாக வெளியிடும் வழக்கம் 2006-07இல் தொடங்கிற்று. 2015 முதல் அதன் பெயர் 'வரி ஊக்கத்தொகைகளின் வருவாய்த் தாக்கம்' என்று மாறிவிட்டது. மொழிபெயர்ப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்: ஏழைக்குக் கொடுத்தால் 'மானியச் சுமை', முதலாளிக்குக் கொடுத்தால் 'ஊக்கத்தொகை' என்னும் இந்தச் சொல்லாட்சியை அப்படியே தமிழில் பெயர்க்கும்போதெல்லாம் பேனா தயங்குகிறது.

அந்த 'மானியச் சுமை'யின் அளவையும் பார்த்துவிடுவோம். 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய். ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. 2007 முதல் அதில் ஒரு ரூபாயும் உயரவில்லை. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் அனைவரையும் உள்ளடக்கிய தேசியச் சமூக உதவித் திட்டத்திற்கு ஆண்டு ஒதுக்கீடு ஏறத்தாழ 9,650 கோடி. பெருநிறுவனங்களுக்கு ஓர் ஆண்டில் விட்டுக்கொடுத்த தொகையைக் கொண்டு இத்திட்டத்தைப் பதினைந்து ஆண்டுகள் நடத்தலாம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையோ 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது.

ஒதுக்கீட்டை உயர்த்தக் கோருவதற்கு முதலில் தேவைப்படுவது எண்ணிக்கை. அதையும் எடுத்துவிட்டார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2025 தொடக்கம்வரை நடக்கவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஊரகத்தில் 75 விழுக்காட்டினரும் நகரத்தில் 50 விழுக்காட்டினரும் ரேஷன் பெற வேண்டும். ஆனால் 2011ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து 81.35 கோடி என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின் பெருகிய மக்களில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் அட்டை இன்றி வெளியே நிற்கின்றனர். இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தும் ரேஷன் அட்டை இல்லாத 8 கோடிப் பேருக்கு அட்டை வழங்குமாறு உச்சநீதிமன்றம் மீண்டும் மீண்டும் கூற வேண்டியிருந்தது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளையும் வெளியிட மறுத்தார்கள்.

எண்களை வைத்தே மறைக்கவும் செய்கிறார்கள். பெண்களுக்கான ஒதுக்கீட்டு அறிக்கையில், நூறு விழுக்காடும் பெண்களுக்கே உரிய திட்டங்களின் பட்டியலில் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் முழுமையாக இடம்பெறுகிறது. கணவனும் மக்களும் அந்த வீட்டின் வாசலில்தான் படுக்கிறார்கள் போலும். தலித், பழங்குடி மக்களுக்கான ஒதுக்கீட்டிலும் பொதுத் திட்டங்களின் ஒரு பகுதியைப் பெயரளவில் எழுதி எண்ணிக்கையைப் பெருக்குவது நடக்கிறது. 2017-18இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினையை நீக்கியதன் பின்னர், துணைத் திட்டத்தை அளந்து பார்க்க இருந்த அளவுகோலும் போயிற்று. ஒருங்கிணைந்த ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் இதற்கெனச் சட்டம் இயற்றின. ஒன்றிய அளவில் அத்தகைய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் இன்னும் உரத்து எழுப்ப வேண்டும்.

நாடாளுமன்றமாவது தட்டிக்கேட்கிறதா? 2018 மார்ச் 14 அன்றும் 2023 மார்ச் 23 அன்றும் அனைத்து அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் ஒரு சொல் விவாதமின்றிக் கில்லட்டின் முறையில் மக்களவையில் நிறைவேறின. 2023இல் அது 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு. மறுநாள் 64 திருத்தங்களுடன் நிதி மசோதாவும் அவ்வாறே நிறைவேறியது. அந்த ஆண்டு அதானி விவகாரத்தில் கூட்டுக் குழு கேட்டு எதிர்க்கட்சிகள் முழங்க, ஆளும் கட்சியினரே அவையை முடக்கியதையும் நாடு கண்டது. தேர்தல் பத்திரங்கள் 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழியாகத்தான் நுழைந்தன. பெருநிறுவன நன்கொடைக்கு இருந்த 7.5 விழுக்காடு வரம்பும் அதே சட்டத்தில்தான் நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அவற்றை அரசமைப்புக்கு முரணானவை என்று ரத்து செய்யும்வரை, சலுகை பெற்றவர் யார், நன்கொடை அளித்தவர் யார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க மக்களுக்கு வாய்ப்பில்லாதிருந்தது. பிஎம் கேர்ஸ் நிதி இன்றும் தகவல் உரிமைச் சட்டத்திற்கு அப்பாற்பட்டதாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

கணக்குக் கேட்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் ராஜஸ்தானை நினைவில் கொள்ள வேண்டும். 1994இல் அங்கு மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் பாலி மாவட்டக் கிராமங்களில் மக்கள் விசாரணைகளைத் தொடங்கியது. வறட்சி நிவாரணப் பணிகளில் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்ட தொழிலாளர்கள் முன்னிலையில் வருகைப் பதிவேடு உரக்கப் படிக்கப்பட்டது. வேலைக்கே வராதவர்களின் பெயரில் எழுதிய கூலி அப்போது வெளிப்பட்டது. 'நமது பணம், நமது கணக்கு' என்னும் முழக்கம் அங்கு எழுந்தது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்திற்கான வேர் அங்கிருந்து வந்தது. எழுத்தறியாத கூலித் தொழிலாளப் பெண்களே அதன் முன்வரிசையில் இருந்தனர். அதே 1996இல் கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. எங்கு கிணறு, எங்கு பள்ளி என்பதைக் கிராம சபைகளில் மக்கள் விவாதித்தார்கள். குறைகள் இல்லாமல் அது நடந்துவிடவில்லை. ஆயினும் நிதிநிலை அறிக்கை என்பது ஏழெட்டு அதிகாரிகள் கதவடைத்து எழுதும் ரகசியம் என்ற எண்ணத்தை அது தகர்த்தது.

2025ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரின் முதற்கட்டம் பிப்ரவரி 13 அன்று முடிந்தது. இரண்டாம் கட்டம் மார்ச் 10 அன்று தொடங்கியது. இத்தகைய இடைப்பட்ட வாரங்களில் துறைசார் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும். கிளைகளும் இந்நாட்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஊரக வேலை, ரேஷன், முதியோர் ஓய்வூதியம், அங்கன்வாடி ஆகிய நான்கிற்கு மட்டும் கடந்த ஆண்டு ஒதுக்கியது, திருத்தியது, உண்மையில் செலவிட்டது, வரும் ஆண்டிற்கு ஒதுக்குவது என்னும் எண்களை அறிக்கையிலிருந்து எடுத்து, மக்கள் பேசும் மொழியில் ஒரு தாளில் அச்சிட்டு, ரேஷன் கடை வரிசையிலும் வேலைத் தளத்திலும் படித்துக்காட்ட வேண்டும். கூலி பாக்கி எத்தனை நாள், வேலை கேட்டுத் திரும்பியவர் எத்தனை பேர், அட்டை மறுக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்பதை அங்கேயே எழுதி வாங்க வேண்டும். அப்பட்டியலின் ஒரு படியைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம், அவர் எக்கட்சியினராயினும், இரண்டாம் கட்டம் தொடங்குவதற்கு முன் நேரில் கையளித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும்.