முதலில் அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்

பழைய ஜீப் வாங்கி வைத்திருக்கும் தம்பி, தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். வாகனம் நடுவழியில் நின்றுவிட்டால் உடனே போனை எடுத்து உதிரிப்பாகம் ஓர்டர் பண்ணாதீர்கள். ஏன் நின்றது என்று உங்கள் வாயால் சொல்ல முடிந்த பிறகு காசை எடுங்கள்.

நம்மில் பலர் திருத்துவதாக நினைத்துக்கொண்டு ஊகித்துக்கொண்டிருக்கிறோம். வீடியோவில் ஒருவர் "இதை மாற்றினேன், சரிவந்தது" என்கிறார். நாமும் மாற்றுகிறோம். சரிவரவில்லை. அடுத்த வீடியோ, அடுத்த பாகம். மூன்றாவது பாகத்தோடு பிரச்சினை போனாலும், எது அதைத் தீர்த்தது என்று தெரியாது. பகுதிநேர வேலையில் சேர்த்த காசு கரைந்திருக்கும். கற்றுக்கொண்டது எதுவும் இருக்காது.

என்னிடம் இருப்பது 1999 ஜீப் செரோக்கி. 1984 முதல் 2001 வரை வந்த எக்ஸ்.ஜே வகை. அதன் 4 லீட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் நீண்ட ஆயுளுக்குப் பெயர் போனது. எஞ்சின் உழைக்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள வயர்களும் சென்சர்களும் முதுமை அடைந்துவிட்டன. ரொறன்ரோவின் குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு மிச்சத்தையும் தின்னும்.

இந்த வண்டியில் அடிக்கடி வரும் ஒரு கோளாறைப் பாருங்கள். நன்றாக ஓடி, சூடேறியதும் எஞ்சின் நின்றுவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், ஆனால் பற்றாது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். ஊகிப்பவர் பெற்றோல் பம்பை மாற்றுவார். அளப்பவர் இரண்டு கேள்வி கேட்பார்: ஸ்பார்க் வருகிறதா? இன்ஜெக்டருக்கு மின்துடிப்பு போகிறதா? ஒன்று மட்டும் இல்லையென்றால் அந்தப் பக்கம் தேடலாம். இரண்டுமே இல்லையென்றால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் சந்தேகம் விழ வேண்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் இருக்கும் கிராங்க் சென்சர் அப்படியான ஒன்று. எஞ்சின் சுற்றுகிறது என்று அது சொன்னால்தான் கணினி ஸ்பார்க்கையும் எரிபொருளையும் கொடுக்கும். சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்ப்பது அதன் பழக்கம். அப்போதும் வாங்க முன்னர் அதன் வயரையும் இணைப்பையும் பாருங்கள். பட்டரியையும் அளவுங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும்.

"கோட் வாசிக்கும் கருவி இருக்கிறதே, அது சொல்லுமே" என்பீர்கள். 1996க்குப் பிறகு வந்த செரோக்கியில் அதைச் செருகலாம், செருகவும் வேண்டும். ஆனால் கோட் என்பது ஒரு முறைப்பாடு, தீர்ப்பு அல்ல. ஒக்சிசன் சென்சர் "பெற்றோல் குறைவு, காற்று அதிகம்" என்று காட்டினால் சென்சர் பழுது என்று அர்த்தமில்லை. இந்த எஞ்சினின் எக்ஸோஸ்ட் மனிபோல்டில் வெடிப்பு விழுவது பலரும் அறிந்தது. அந்த வெடிப்பால் வெளிக்காற்று உள்ளே போனால், சென்சர் அதையும் சேர்த்து உண்மையைத்தான் சொல்லும். உண்மை சொன்னவரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவரைப் பூட்டினால், அவரும் அதையேதான் சொல்வார். நான் கணினித் துறையில் வேலை செய்கிறேன். சேவர் விழுந்தால் லொக்கில் முதலில் தெரியும் வரி பெரும்பாலும் விளைவுதான், காரணம் அதற்கும் முன்னால் இருக்கும்.

ஊகம் காசை மட்டும் தின்றால் பரவாயில்லை. உயிருக்கும் ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் முன்சில்லுகள் இரண்டும் வெறிபிடித்ததுபோல் ஆடும், ஸ்ரேரிங்கைப் பிடிக்க முடியாது. இதை 'டெத் வொபிள்' என்பார்கள். பலர் உடனே ஸ்ரேரிங் டாம்பரை மாற்றுவார்கள். ஆட்டம் குறையும், ஆனால் தளர்ந்த பாகம் தளர்ந்தபடியே இருக்கும். சரியான வழி இரண்டு பேர் வேலை. வண்டி நிலத்தில் நிற்க, பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக்கும் இழுத்துவிட்டு, ஒருவர் ஸ்ரேரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். மற்றவர் பக்கத்தில் குனிந்து டிராக் பார், டை ரொட் முனைகள் என்று ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். எது நழுவுகிறது என்று கண்ணுக்கே தெரியும். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் ரயர் பாலன்ஸைப் பாருங்கள். சந்தேகம் தீராதவரை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். கீழே போக வேண்டிய வேலையென்றால் ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

பத்து டொலர் பாகத்தை மாற்றிப் பார்ப்பது சில நேரம் சோதிப்பதைவிட மலிவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். அப்போது அதுவும் ஒரு சோதனைதான்.

"நீ படிச்சது கையில கிரீஸ் பூசிறதுக்கோ?" என்று வீட்டில் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள், பொறியியலில் முதுகலை முடித்த பிறகும். ஆனால் இந்த அறிவு நமக்குப் புதியதல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், பெற்றோல் கிடைக்காதபோது, பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அதனால் பற்றாது. ஆகவே கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் விட்டார்கள். உதிரிப்பாகம் ஓர்டர் பண்ண வழியில்லாத இடத்தில், எஞ்சினுக்கு என்ன தேவை, அதில் எது இல்லை என்று யோசித்தவர்கள் அவர்கள்.

அப்படி ஓடிய காரில் போன ஒருவர் உங்கள் குடும்பத்திலேயே இருக்கக்கூடும். அடுத்த முறை ஸ்ரேரிங்கை ஆட்ட ஆள் தேவைப்பட்டால் அவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னர் நல்லதொரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஜீப்புக்கு நீங்கள் வாங்கும் முதல் பாகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.