மாத்திரையா, ஊசியா?

ஆண்கள் ரகசியமாகக் கவலைப்படும், ஆனால் வாய்விட்டுக் கேட்காத விஷயம் இந்த வாரம். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தால் ஜோக் பக்கத்துக்குத் தாவிவிடுங்கள்.

1983-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் சிறுநீரகவியல் டாக்டர்கள் மாநாடு. ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி மேடையேறினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், டிராக் சூட்டில் வந்திருந்தார். ஆணுறுப்பில் நேரடியாக ஊசி போட்டால் விறைப்பு வரும் என்று ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினார். வெறும் ஸ்லைடை யார் நம்புவார்கள்? ஹோட்டல் அறையிலேயே தனக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்த பிரிண்ட்லி, டிராக் சூட்டை இறக்கி நிரூபணத்தையே காட்டிவிட்டார்! அதோடு விட்டாரா? சபையோர் சரிபார்க்கட்டும் என்று மேடையைவிட்டுக் கீழேயும் இறங்கினார். முன்வரிசைப் பெண்மணிகள் அலறிய பிறகுதான் மனுஷர் நின்றார். (இதே ஆசாமி பஸூன் என்ற ஊதுகுழலில் எலெக்ட்ரானிக் ரகம் ஒன்றையும் உருவாக்கியவர். மேடைக் கூச்சம் இல்லாததில் ஆச்சரியமில்லை.)

கூத்து கிடக்கட்டும். 'எல்லாம் மனசுதான் சார்' என்று பேஷன்ட்டை அனுப்பிக்கொண்டிருந்த டாக்டர்கள், இது ரத்தக்குழாய் சமாசாரமும்தான் என்று உணர அந்த ஊசி உதவியது.

அல்ப்ரோஸ்டாடில் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 1995-ல் அனுமதி கிடைத்தது. ரத்தக்குழாயை நேரடியாகத் தளர்த்தும். ஐந்திலிருந்து இருபது நிமிஷத்துக்குள் வேலை செய்யும். மூடு வேண்டாம், மல்லிகைப்பூ வேண்டாம். புராஸ்டேட் ஆபரேஷனில் நரம்பு பாதிக்கப்பட்டு மாத்திரை கைவிட்டவர்களில் பலருக்கும் இது பலிக்கிறது. ஆனால் அந்த இடத்தில் ஊசி! முதல் ஊசியை டாக்டர் முன்னிலையில்தான் போட்டு அளவு பார்க்க வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் கூடாது.

மாத்திரை வேறு ரகம். சில்டெனாஃபில் இங்கிலாந்தில் நெஞ்சுவலிக்காகப் பரிசோதிக்கப்பட்ட மருந்து. நெஞ்சுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டவர்கள் வேறொரு பலனைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் வயாக்ராவாக அனுமதி பெற்றது. இதற்கு ஆசை முக்கியம். ஆசை வந்தால் நரம்பு நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிட்டு ரத்தக்குழாயைத் திறக்கும். அந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவைக்கும் என்ஸைமை மாத்திரை தடுக்கிறது. அதாவது அடுப்பை மூட்டாது. எரிகிற அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போட்டால் இன்னும் தாமதம். தடாலாஃபில் என்ற தம்பி 36 மணி நேரம்வரை தாங்குவான்.

ரெண்டிலும் ஆபத்து உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைக்காரர்கள் இதைத் தொடவே கூடாது. பிரஷர் தடாலென்று இறங்கி உயிரே போகலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காவிட்டால் பெருமைப்படாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். தாமதித்தால் திசு நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஊசியில்தான் இந்தப் பயம் அதிகம்.

'மூலிகைதானே' என்று லேகியம் தேடுகிறவர்களுக்கு: மூலிகை என்று விற்ற பல சரக்குகளில் இதே சில்டெனாஃபில் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பிடித்திருக்கிறது.

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர். வயது 34. டீக்கடையில் என்னைத் தனியே தள்ளிக்கொண்டுபோய், "ஊசியா மாத்திரையா, எது சார் பெஸ்ட்?" என்றார், ஏதோ ஸ்கூட்டர் வாங்குவதுபோல. ஆறு மாசமாகப் பெண்டாட்டியிடம் எரிந்து விழுவதாகவும், அவள் ஊருக்குப் போய்விட்டதாகவும் சொன்னபோது குரல் கம்மிவிட்டது. அங்கே ஓடும் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சன்னம். அடைப்பு வந்தால் பல பேருக்கு முதலில் அங்கேதான் தெரியும், இதயம் பிறகுதான் சொல்லும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அரைமணி விசாரித்தார், ரத்தம் எடுத்தார். ரெண்டு நாள் கழித்து நண்பர் சீட்டைக் காட்டினார்.

"மாத்திரைதான் சார்."

வாங்கிப் பார்த்தேன். சர்க்கரைக்கு!