சதி தோற்றது, தண்டனை யாருக்கு?



1996ஆம் ஆண்டு. ஒரு சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கிறேன். இடுப்பில் காய்ச்சலில் கொதிக்கும் என் இரண்டு வயது மகள். பைக்குள் இருந்த மருந்துப் போத்தலை எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார் ஓர் இளம் சிப்பாய். அவருக்கு இருபது வயதுகூட இராது. எனக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் பதறப் பதற அவருடைய குரல் உயர்ந்தது. பின்னால் நின்ற ஓர் ஆச்சி "பெஹெத், பெஹெத்" என்று சொன்ன பிறகுதான் போத்தல் என் கைக்குத் திரும்பி வந்தது. அந்தப் பொடியனின் கண்ணிலும் பயம் இருந்தது. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

அன்றிரவு ஐயாவிடம் கேட்டேன், "இவ்வளவு பெரிய இராணுவத்தில தமிழ் தெரிஞ்ச ஒராள்கூட இல்லையோ?" என்று. ஐயா கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். "முந்தி இருந்தவை, பிள்ளை. தளபதியாகவே இருந்தவை. 62ஆம் ஆண்டுக்குப் பிறகு கதவைப் பூட்டிப்போட்டினம்" என்றார்.

ஐயா சொன்னது உண்மைதான். இலங்கையர் ஒருவர் முதன்முதலாக இராணுவத் தளபதியானது 1955இல். அவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். அக்காலத்தில் படையிலும் பொலிசிலும் தமிழரும் பறங்கியரும் தங்கள் சனத்தொகையை விடக் கூடிய விகிதத்தில் அதிகாரிகளாக இருந்தார்கள். அதிகாரிகள் பலர் ஆங்கிலம் படித்தவர்கள், கிறிஸ்தவர்கள். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அதன்பின் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. வேலைநிறுத்தங்களும் அவசரகாலச் சட்டமும் தொடர்ந்தன. தங்கள் காலம் முடிகிறது என்று அந்த அதிகாரிகள் சிலர் எண்ணினார்கள்.

1962 ஜனவரி 27ஆம் திகதி நள்ளிரவில் அமைச்சர்களைக் கைதுசெய்து ஆட்சியைப் பிடிப்பது என்று அவர்கள் திட்டமிட்டார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் சிறிமாவோ பண்டாரநாயக்க. முன்னின்றவர்களில் கேணல் எவ். சி. டி சேரம், பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி. சி. திசாநாயக்க ஆகியோர் இருந்தார்கள்.

சகோதரிகளே, இந்தச் சதி துவக்குச் சண்டையால் முறியடிக்கப்படவில்லை. சதியில் சேருமாறு கேட்கப்பட்ட பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனநாயக்க, வீட்டில் தன் மனைவியிடம் அதைச் சொன்னார். மனைவியின் வழியாக அது அவருடைய தந்தையான நாடாளுமன்ற உறுப்பினர் குலரத்னவுக்கும், அவரிடமிருந்து மேலிடத்துக்கும் போனது. அன்றிரவே எல்லாம் முடிந்தது. ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 24 பேர். அவர்களில் 12 பேர் சிங்களவர், 6 பேர் தமிழர், 6 பேர் பறங்கியர். தலைமை தாங்கியவர்கள் சிங்களவர்களே. தமிழருக்கு உரிமை கேட்டு எழுந்த கிளர்ச்சியும் அல்ல அது. ஆனால் எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்பதும், பாதிப்பேர் சிறுபான்மையினர் என்பதுமே பேச்சாகியது.

அவர்களைத் தண்டிக்க அவசரமாக ஒரு விசேட சட்டம் கொண்டுவரப்பட்டது. நடந்து முடிந்த செயலுக்குப் பின்னோக்கிப் பாயும் சட்டம் அது. தடுப்புக் காவலில் கொடுத்த வாக்குமூலத்தையும் சாட்சியாக ஏற்க அது வழிசெய்தது. 1965இல் 11 பேர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அவர்கள் இலண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில், அப்படிப்பட்ட சட்டம் செல்லாது என்று கூறி அந்த நீதிபதிகள் தண்டனையை நீக்கினார்கள்.

சதி செய்தவர்களுக்கு மேன்முறையீடு இருந்தது. அவர்களுடைய சமூகங்களுக்கு அது இருக்கவில்லை.

இருந்த அதிகாரிகளை எல்லாம் உடனே துரத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடற்படைத் தளபதியாக ராஜன் கதிர்காமர் 1970 வரை இருந்தார். ஆனால் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் மேலும் மேலும் சிங்கள பௌத்தர்களாகவே இருந்தார்கள். அதே 1962 டிசம்பரில் உருவான புதிய படையணிக்கு, எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் பெயரில் கெமுனு படையணி என்று பெயரிட்டார்கள். 1956இல் சாத்தத் தொடங்கிய கதவு 1962க்குப் பிறகு இறுகியது. போர் மூண்டபோது, படையில் இருந்தவர்களும் எங்கள் ஊர்ச் சனங்களும் ஒருவர் பேச்சை ஒருவர் விளங்காதவர்களாக நின்றோம்.

இதில் என்னை வருத்தும் இன்னொன்று உண்டு. 1966இலும் ஆட்சிக்கு எதிராகச் சதி என்று வழக்கு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் இராணுவத் தளபதியாக இருந்த றிச்சர்ட் உடுகம, சிங்கள பௌத்தர். பின்னர் எல்லோரும் விடுதலையானார்கள். அதற்காகச் சிங்கள பௌத்தர் எவரையும் நம்பக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதது சரி. அந்த நியாயத்தை எங்களுக்கும் தந்திருக்கலாம் அல்லவா?

ஒருவர் செய்ததற்கு ஊரையே தண்டிப்பது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மகன் போன வழியைக் காரணம் காட்டித் தாயை விசாரித்ததை அனுபவித்தவர்கள் நாங்கள். ஆனபடியால் நம் வாயிலிருந்தும் "அந்தச் சனமே அப்படித்தான்" என்ற சொல் வரக்கூடாது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் குடும்பங்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோதும் இதே பிழைதான் நடந்தது. அன்று எங்களில் பலர் பேசாமல் இருந்தோம். நானும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காவலில் கொடுக்கும் வாக்குமூலத்தைச் சாட்சியாக்கும் வழி 1962உடன் போய்விடவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பெற்ற வாக்குமூலத்தை ஏற்க இடம் கொடுத்தது. தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்து, ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்த பிள்ளைகளின் தாய்மாரை நான் அறிவேன். தமிழும் நாட்டின் ஆட்சிமொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆகவே விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். தனியே போகாமல் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்று இடுப்பில் இருந்த மகள் இப்போது ஆசிரியை. தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கிறாள். முதல் பாடத்தில் அவள் சொல்லிக் கொடுக்கும் சொற்களில் "பெஹெத்" கட்டாயம் இருக்கும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு "மருந்து" என்ற சொல்லையும் யாராவது சொல்லிக் கொடுக்கவேண்டும்.